ஊமத்தைச் சுருட்டு

நாகூரில் அலங்கார வாசல் பக்கம் ஓர் அத்தர் கடை. மார்கழி மாதம். கடைக்காரப் பெரியவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார்.

''பனி நமக்கு ஆகாது தம்பி. எங்க வாப்பாவோட வாப்பா காலத்துல இந்த டப்பா ஏது? ஊமத்தை இலையைக் காயவச்சு, சுருட்டாட்டம் சுத்திப் புகைப்பாங்களாம்!''

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'இப்ராட்ரோபியம்' என்றிருந்தது. அட, ரெண்டும் தாத்தாவும் பேரனும் ஆச்சே!

கதை மதராஸில் ஆரம்பிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு, சாயப் பூச்சி வளர்க்கப் பார்த்தவர். நம் ஆட்கள் மூச்சிரைப்புக்கு ஊமத்தை புகைப்பது அவர் கண்ணில் பட்டது. 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்பவர் அந்தச் சரக்கை பிரிட்டனுக்குக் கொண்டு போனார். டாக்டர் சிம்ஸ் அதைப் பரப்பினார். மதராஸ் சரக்குக்குப் பதிலாக அங்கேயே முளைக்கும் ஊமத்தையைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஆஸ்துமா சிகரெட் என்று இருபதாம் நூற்றாண்டிலும் கடைகளில் விற்றது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட்கூட அதற்கு வாடிக்கையாளர்.

ஆண்டர்சன், ஜென்ட், சிம்ஸ்... எல்லார் பெயரும் இருக்கிறது. சொல்லிக் கொடுத்த நம்மூர் வைத்தியர் பெயரைத்தான் காணோம். நான் காமர்ஸ் படித்தவன். வரவு வைத்த பேரேட்டில் கொடுத்தவர் பெயர் இல்லையென்றால் ஆடிட்டர் விடமாட்டார். வைத்திய சரித்திரத்துக்கு ஆடிட்டர் கிடையாது போல.

சரி, அந்தப் புகையில் என்னதான் இருந்தது? முக்கியமாக அட்ரோபின். ஊமத்தையின் ஒன்றுவிட்ட சகோதரியான பெல்லடோனாவிலிருந்து 1833-ல் ஜெர்மனியில் அதைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால், அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய ஒரு கனவு தேவைப்பட்டது.

1921. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம். ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ராத்திரி கனவில் ஒரு சோதனையைக் கண்டார். எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை! மறுநாள் ராத்திரி அதே கனவு. இந்த முறை நேராக லேபுக்கே ஓடிவிட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்ட, துடிப்பு குறைந்தது. அந்த இதயம் ஊறிய திரவத்தை இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. ஆக, நரம்பு ஒரு ரசாயனத்தை விட்டுத்தான் சேதி சொல்கிறது! அது அசிட்டைல்கோலின். ஹென்றி டேலுடன் சேர்ந்து 1936-ல் லோவிக்கு நோபல்.

நாம் கேட்காமலே இதயம், குடல், மூச்சுக்குழாயை ஓட்டுகிற தானியங்கி நரம்பு மண்டலத்தின் தபால்காரர்களில் அசிட்டைல்கோலினும் ஒன்று. மூச்சுக்குழாய்த் தசையில் அதற்கென்று 'ரிசப்டார்' என்ற சீட்டுகள் உண்டு. அது உட்கார்ந்தால் குழாய் இறுகும், சளி சுரக்கும். அட்ரோபின் என்ன செய்கிறது? பஸ்ஸில் நாம் ஜன்னல் வழியே துண்டு போடுவோமே, அதேதான். சீட்டைப் பிடிக்கும், தசையை இறுக்காது.

சிக்கல் என்னவென்றால், உடம்பு முழுக்க அந்தச் சீட்டுகள். வாய் வறளும், கண்மணி விரியும், இதயம் ஓடும், புத்தி பேதலிக்கும். ஊமத்தை தின்று செத்தவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் இலை பறிக்கக் கிளம்ப வேண்டாம்! அட்ரோபினைக் கொஞ்சம் மாற்றி, மூளைக்குள் போகமுடியாதபடி செய்ததுதான் இப்ராட்ரோபியம்.

டெல்டாவில் அட்ரோபினுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் ஆர்கனோபாஸ்பேட் என்றொரு வகை. அசிட்டைல்கோலினை சீட்டிலிருந்து இறக்கி அனுப்பும் கண்டக்டர் மாதிரி ஒரு என்சைம் உண்டு. அதை இந்த விஷம் முடக்கிவிடும். பிறகென்ன, கூட்ட நெரிசல்தான். கண்மணி ஊசிமுனையாகும், எச்சில் வழியும், நுரையீரலில் நீர் கோக்கும். குடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், கேஷுவாலிட்டியில் முதலில் உடைப்பது அட்ரோபின் ஊசிதான். நெஞ்சில் கரகரப்பு அடங்கும்வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். அவசரப்பட்டு நிறுத்தினால் மறுபடி நீர் கோக்கும் என்பதால், டியூட்டி டாக்டர் விடிய விடிய ஸ்டெதாஸ்கோப்பும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பார்.