விசுவாசமும் அளவையும்

சமயநெறி ஒன்று ஒரு குடியில் நிலைபெறுதற்கு வழிபாடும் ஒழுக்கமும் மட்டும் போதா. தான் கொண்டது யாது, கொண்டதன் காரணம் யாது என்று வினவுவார்க்கு விடையிறுக்கும் அறிவும் உடன் வேண்டும். இது பற்றியன்றே அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிறர் மதங்களை எடுத்தோதி மறுத்து, சுபக்கத்தின் தொடக்கத்தே அளவையிலக்கணம் வகுத்து, அதன் பின்னரே முப்பொருளியல்பு கூறுவாராயினர். அளக்குங் கருவியை அறியாதான் அளக்கப்படும் பொருளை அறியான் என்பது அவர் கருத்து.

கிறிஸ்தவ சமயம் தமிழ்நாட்டில் வேரூன்றிய வரலாற்றைப் பலர் பலவாறு கூறுவர். அரசியற் சார்பே காரணம் என்பாரும், வறுமையே காரணம் என்பாரும், சாதிக்கொடுமையே காரணம் என்பாரும் உளர். அவற்றில் உண்மை ஓரோவழி உண்டு. ஆயின் வந்து சேர்ந்தார் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றமைக்குக் காரணம் அவற்றால் முற்றும் விளங்காது. அச்சமயத்து ஆசிரியர்கள் தம்மவர்க்குத் தம் விசுவாசத்தின் காரணங்களைத் தமிழிற் கற்பித்த முயற்சியை நோக்கினால் அது விளங்கும். அதனைக் கம்பம் பள்ளத்தாக்கினின்று தொடங்கி நோக்குவது பொருத்தமாம்.

மேற்றிசையில் மலைத்தொடரும் கீழ்த்திசையில் மேகமலையும் அரணாக அமைந்த அந்நிலம் சமயங்கள் பல சந்தித்த நிலமாகும். உத்தமபாளையத்துப் பாறையில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் காணப்படுகின்றன. அவ்வூரிலேயே காளத்தீசுவரர் கோயிலும் உளது. அரிகேசரிநல்லூர் எனப் பண்டு வழங்கிய சின்னமனூரில் பூலாநந்தீசுவரர் கோயில் விளங்குகின்றது. மதுரையிற் சங்கம் இருந்ததனையும் மகாபாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதனையும் கூறும் பாண்டியர் செப்பேடு கிடைத்ததும் அவ்வூரேயாம். 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கின் வழியே வையையிற் கலக்கின்றது.

அந்நீர் பாயும் நாட்டில் உத்தமபாளையத்திற்கு அணித்தாக இராயப்பன்பட்டி என்றோர் ஊர் உண்டு. ஆங்குக் கத்தோலிக்கர் பலர் வாழ்கின்றனர். அனுமன் பெயர் தாங்கிய அனுமந்தன்பட்டியிலும் அவர்தம் கோயில் உளது. இராயப்பர் என்பது இயேசுவின் தலைமைச் சீடராகிய பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிவந்த பெயராகும். அப்பேதுருவின் பெயரால் வழங்கும் முதல் நிருபத்தில், விசுவாசிகள் தம் நம்பிக்கைக்குக் காரணம் வினவுவார் எவர்க்கும் பணிவோடு விடைகூற எப்பொழுதும் ஒருப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் கருத்துக் காணப்படுகின்றது. ஆகவே காரணம் அறிந்து நம்புதல் அச்சமயத்தார்க்கும் விதிக்கப்பட்டதொன்றே. அவ்விதி தமிழ்நாட்டில் எங்ஙனம் நிறைவேறிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் நிகழ்ந்தது பாடங் கற்பித்தலேயாம். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணிசெய்த அண்டிரிக்கு அடிகளார் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூலை அச்சிடுவித்தார். மறு ஆண்டில் கொச்சியில் வெளிவந்த கிரிசித்தியானி வணக்கம் ஆசிரியனும் மாணாக்கனும் வினவி விடைகூறும் முறையில் அமைந்தது. இவை செபங்களையும் கற்பனைகளையும் மனத்திற் பதித்தன. மாறுபட்ட சமயத்தான் ஒருவன் எதிர்நின்று தடைநிகழ்த்துங்கால் கூறத்தக்க விடையை அவை விரித்துக் கூறுவன அல்ல.

அவ்விடையை நாடும் நிலை மதுரையில் உண்டாயிற்று. 1606-ஆம் ஆண்டு ஆங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவபோதகர், தமிழும் வடமொழியும் கற்று, துறவிகளைப் போல ஊணும் உடையும் மேற்கொண்டார். அவரொடு சைவப் பள்ளியாசிரியர் ஒருவர் இருபது நாள் வாதித்தனர் என அவர் சரிதம் கூறும். பதியைப்போலப் பசுவும் பாசமும் அநாதி என்பதும், இல்லது தோன்றாது என்பதும், வினைக்கீடாகப் பிறவி வரும் என்பதும் அவ்வாதத்தில் எழுந்த தடைகள். முடிவில் அவ்வாசிரியர் கிறிஸ்தவராயினர். எனினும் அத்தடைகளின் வலிமையைத் தத்துவபோதகர் மறந்திலர். அவர் பின்னர் இயற்றிய ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணதிக்காரம், புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்பவற்றின் பெயர்களே அவர் எவ்வினாக்களை எதிர்நோக்கினர் என்பதனை உணர்த்தும்.

அவர் மேற்கொண்ட முறை சைவர்க்குப் புதியதன்று. உலகம் காரியப்பொருளாதலின் அதற்கு ஒரு கருத்தா உண்டு என்பதனை அனுமானத்தால் நிறுவி, அதன்மேல் மூவொருமை, மனுஷ அவதாரம் முதலியவற்றைத் தேவவாக்கால் ஏற்கவேண்டும் என்பதே அது. இம்முறை ஐரோப்பாவில் தாமஸ் அக்குவினாஸ் என்னும் பேரறிஞரால் நிலைநாட்டப்பெற்றது. அவர் 1274-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் வாழ்ந்த 13-ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டதேவர் சிவஞானபோதம் அருளி, அதன் முதற் சூத்திரத்தில் உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலை ஏதுவாகக் கொண்டு ஒடுக்கத்துக்குக் கருத்தாவாகிய இறைவனை நிறுவினர். ஒருவரையொருவர் அறியாத இருவரும் உலகையே ஏதுவாகக் கொண்டு இறையுண்மையை நிறுவியது சிந்திக்கற்பாலது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள், கருதலளவை செல்லும் எல்லையையும், அதற்கு மேற்பட்டு உரையளவையே வழிகாட்டும் இடத்தையும் இரு மரபினரும் பகுத்துணர்ந்தனர்.

வேறுபாடு எங்கே தோன்றுகின்றது எனின், குயவனை உவமையாகக் கொண்டு நோக்கின் விளங்கும். குடத்திற்குக் குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம். சித்தாந்தி மாயையை முதற்காரணமாகவும், சத்தியைத் துணைக்காரணமாகவும், சிவனை நிமித்த காரணனாகவும் கொள்வன். கிறிஸ்தவனோ மண்ணையும் குயவனே உண்டாக்கினான் என்பன். ஆன்மாவும் படைக்கப்பட்டதே என்பது அவன் கோட்பாடு. அஃதாயின் ஒருவன் குருடனாகவும் ஒருவன் செல்வனாகவும் பிறத்தற்குக் காரணம் யாது என்று சைவன் வினவுவன். இவ்வினாவுக்கு அவர்தம் நூல்கள் விடைகூற முயன்றுள்ளன. அவ்விடை சைவர்க்கு அமைவுடையதன்று. ஆயினும் அதனை அறியாது அதனை மறுத்தல் இயலாது.

நூல்கள் மட்டும் ஊர்தோறுஞ் சென்று உபதேசியா. அதற்கென நியமிக்கப்பட்டவர் உபதேசியார். வீரமாமுனிவர் என வழங்கும் பெஸ்கி அடிகளார் (1680–1747) அன்னார்க்கென வேதியரொழுக்கம் என்னும் உரைநடை நூலை இயற்றினர். தரங்கம்பாடியில் 1706-ஆம் ஆண்டு முதல் பரவிய புரோட்டஸ்டாண்டு உபதேசத்தை மறுத்துத் தம்மவரை நிலைநிறுத்த வேதவிளக்கம், பேதகமறுத்தல் என்பவற்றையும் எழுதினர். 1773-ஆம் ஆண்டு இயேசு சபை ஒடுக்கப்பட்டபின் குருமார் அருகினர். அச்சபையார் 1838-ஆம் ஆண்டில் மதுரை நாட்டிற்கு மீண்டும் வரும் வரையில், சிற்றூர்களில் அச்சமயத்தைப் பேணியவருள் உபதேசியார்க்குப் பெரும் பங்கு உண்டு. காரணங் கற்ற ஒருவன் ஊரில் இருப்பின், குரு வாராவிடினும் நெறி அழியாது என்பதற்கு இஃது ஓர் உதாரணமாம்.

இனி 1834-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தினின்று அமெரிக்க மிஷனார் மதுரைக்கு வந்தனர். 1842-ஆம் ஆண்டு திருமங்கலத்தில் ஒரு கலாசாலை தொடங்கி, 1845-ஆம் ஆண்டு அதனைப் பசுமலைக்கு மாற்றி, உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றினர். பெரியகுளமும் அவர்தம் நிலையங்களுள் ஒன்றாயிற்று. முதற்கண் மதுரைக்கு வந்தாருள் ஒருவர் ஹென்றி ஹொய்சிங்டன். அவர் பின்னர் வட்டுக்கோட்டைச் செமினாரியின் தலைமையை ஏற்றனர். தாம் மறுக்கவேண்டிய சமயம் யாது என்பதனை முதலில் உள்ளவாறு அறியப் புகுந்தனர். அதன் பயனாகத் தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்றனையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அவை 1854-ஆம் ஆண்டு அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் வெளியீட்டில் வந்தன. அம்மொழிபெயர்ப்பில் பிழைகள் உண்டு. எனினும் பரபக்கங் கூறுவார்க்குரிய முறையை அந்நியர் ஒருவர் மேற்கொண்டமை பாராட்டற்பாலது.

அதே 1854-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டனர். பார்சிவல் பாதிரியாரொடு விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிசெய்து அச்சமய நூலை ஐயந்திரிபறக் கற்றவர் அவர். 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலும் 1864-ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் சைவப் பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினர். பாலபாடமும் சைவவினாவிடையும் எழுதி, சைவப்பிள்ளைகள் தம் சமயத்தின் காரணங்களை இளமையிலேயே அறியச் செய்தனர்.

இது பிறர் முறையைப் பின்பற்றியதன்றோ எனின், அன்று. மனவாசகங்கடந்தார் அருளிய உண்மைவிளக்கம் மாணாக்கன் வினவ ஆசிரியன் விடைகூறுவதாகவே அமைந்துளது. உமாபதி சிவாசாரியார் வினாவெண்பா அருளினர். 1313-ஆம் ஆண்டில் சங்கற்பநிராகரணம் இயற்றிச் சமயவாதங்களை நிகழ்த்தினர். முறை நம்முடையதே. மடங்களின் உள்ளே நின்ற அதனை ஊர்ப்பிள்ளைகளின் கைக்கு எட்டச்செய்த அருமையே நாவலருடையது. அதற்கு அவரைத் தூண்டியது பாதிரிமார் பள்ளி என்று கூறுதல் இழுக்கன்று.

இவ்வரலாற்றினின்று கொள்ளற்பாலது யாது? ஒரு குடி தன் சமயத்தை விடுவது பிறர் வாதத்தால் மட்டுமன்று, தன்பால் விடையில்லாமையாலுமாம். கம்பம் பள்ளத்தாக்கில் சிவாலயங்கள் உள. திருவிழாக்கள் தவறாது நடைபெறுகின்றன. ஆயினும் இராயப்பன்பட்டிச் சிறுவன் ஒருவன் தன்னுடன் பயிலும் சின்னமனூர்ச் சிறுவனை நோக்கி, 'நீ இலிங்கத்தை வணங்குவது என்னை?' என்று நட்போடு வினவுவானாயின், அவனுக்கு விடை யார் கற்பித்தார்? அவ்விடை கற்பிக்கப்படாத இடத்தில் பிற சமயத்தாரை நோதல் பயனில்லை. அவர் தம் கடமையைச் செய்தனர். சைவர் தம் கடமையைச் செய்தனரா என்பதே வினா.

விடை கற்ற இருவர் தம்முள் பகைகொள்ளார். எங்கே ஒன்றுபடுகின்றோம், எங்கே வேறுபடுகின்றோம் என்பதனை அறிந்தாராகலின், ஒருவரையொருவர் மதித்து அயலாராய் வாழ்வர். காரணமறியாப் பற்றே சினமாக மாறுவது. ஆதலின் ஆலயந்தோறும் பூசை நிகழ்வதோடு, வாரத்தில் ஒருநாளேனும் சைவவினாவிடையும் உண்மைவிளக்கமும் சிறுவர்க்குக் கற்பிக்கப்படுக. அளவையால் தெளிந்த அன்பே அசையாத அன்பாம். அத்தெளிவினைச் சிவபெருமான் திருவருள் யாவர்க்கும் நல்குவதாக.