திரும்பும் தேதி இல்லாத பயணம்

இது நேரலையில் பேசியதைச் சற்றே ஒழுங்குபடுத்திய வடிவம். பேச்சு வாசனை அங்கங்கே அடிக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் சின்னது. ஒரு சிறிய பாய்ப்படகு, கரையோரமாக ஒரு பயணம், எந்த அவசரமும் இல்லை. அப்படியொரு பயணத்துக்கு எப்படித் திட்டமிடுவது என்பதை மனிதர்கள் எப்போது, எங்கே கற்றுக்கொண்டார்கள்? நான் இருபது வருடமாக வாழ்கிற கென்ட் கரைக்கும் எதிரே இருக்கிற பிரெஞ்சுக் கரைக்கும் நடுவில்தான் அந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தது. அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் கடல் என்றால் வேலை. அம்மாவின் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போவார். கச்சான் காற்று பலக்கும் மாதங்களில் தோணி கரையில் கிடக்கும், அவர் வீட்டில் கிடப்பார். பொழுதுபோகவில்லை என்று ஒருவர் பாயை விரித்துக்கொண்டு கடலுக்குப் போவார் என்றால் எங்கள் ஆச்சி நம்பியிருக்கமாட்டார். இங்கிலாந்திலும் 1850 வரை அநேகமாக அதே நிலைதான். பெரும் பணக்காரர்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பெரிய யாட்டுகளில் பந்தயம் விட்டார்கள். மற்றவர்களுக்குக் கடல் என்பது மீன், சரக்கு, கடற்படை. நடுத்தரக் குமாஸ்தா ஒருவர் தானே சுக்கான் பிடித்து, தானே தேநீர் போட்டு, இரவில் படகிலேயே படுத்துக்கொள்ளும் பழக்கம் இனிமேல்தான் வரவேண்டியிருந்தது.

அது வருவதற்குச் சில காரியங்கள் நடந்தாக வேண்டும். உயிர்காப்புப் படகுச் சங்கம் 1824இல் தொடங்கியது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் 1833 முதல் ஏற்ற வற்ற அட்டவணையை அச்சிட்டது. ரயில் வந்தது; படகை ஒரு துறைமுகத்தில் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகலாம் என்றானது. இதில் நான் கொஞ்சம் நிற்க விரும்புவது அந்த அட்டவணையில்.

நம் பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைத் தாண்டாது. அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலக் கால்வாய் புரிய நாளாகும். பூலோன் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் எட்டு மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் சேறு. நார்மண்டிக் கரையின் பல சிறு துறைமுகங்களுக்குள் வெள்ளம் ஏறியிருக்கும் சில மணி நேரம்தான் நுழையமுடியும். தவறவிட்டால் வெளியே காத்திருக்க வேண்டும், காற்று கரையை நோக்கி அடித்தாலும்கூட. டோவர் நீரிணையில் நீரோட்டமே மூன்று, நான்கு நாட் வேகத்தில் போகும். இருபதடிப் படகு நல்ல காற்றில் ஐந்து நாட் போனால் பெரிய காரியம். ஓட்டத்தோடு போனால் பறக்கலாம். எதிர்த்துப் போனால், அரை நாள் பாய் விரித்தபின்னும் அதே கலங்கரை விளக்கம் பக்கத்தில் நிற்கும். ஆகவே, ‘நிதானமான’ பயணம் என்றால் மனம்போன நேரத்துக்குக் கிளம்புவது என்று யாரும் நினைக்கவேண்டாம். அதிகாலை மூன்று மணிக்கு நீரோட்டம் திரும்பினால் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இரவுப் பணி பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதிதான்.

பிறகு எதில் நிதானம்? என் வாசிப்பில் கிடைத்த பதில் ஒன்றுதான். படகில் ஏற்றும் சாமான்களில் முக்கியமானது உபரி நாட்கள். திரும்பும் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர் காற்றோடு பேரம் பேசத் தொடங்கிவிடுவார். காற்று பேரத்துக்கு வராது.

ஜான் மக்ரெகர் என்ற வழக்கறிஞரின் பயணத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அவர் கதை அவருடைய ஐந்தாவது வாரத்திலேயே தொடங்குகிறது. 1825 மார்ச் 1ஆம் தேதி, வங்காளத்துக்குப் படைவீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் ஏற்றிப்போன ‘கென்ட்’ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் தீப்பிடித்தது. புயலில் கப்பல் குலுங்கியபோது சரக்கறையில் சாராயப் பீப்பாய் உடைந்து, விளக்கு கைநழுவி அதில் விழுந்தது. ‘கேம்ப்ரியா’ என்ற சிறு கப்பல், கொந்தளிப்பின் நடுவில், ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியது. முதல் படகில் இறக்கப்பட்டவர்களில் கைக்குழந்தை மக்ரெகரும் ஒருவர். அவருடைய அப்பா, படை மேஜர், இனிப் பிழைக்கமாட்டோம் என்று எண்ணி ஒரு சீட்டெழுதிப் புட்டியில் அடைத்தார். அவர் பிழைத்தார், புட்டியும் மறு வருடம் பார்படோஸ் கரையில் ஒதுங்கியது.

அந்தக் குழந்தை வளர்ந்து, லண்டனின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்கும், தெருவில் சப்பாத்துத் துடைக்கும் சிறுவர்களின் படைக்கும் உழைத்தது. புத்தகங்களிலும் சொற்பொழிவுகளிலும் வந்த பணத்தைத் தருமத்துக்குக் கொடுத்தது. ‘ராப் ராய்’ என்று பெயரிட்ட கனூவில் 1865இல் ஐரோப்பிய ஆறுகளில் துடுப்புப் போட்டுப் புகழ்பெற்றது. பிறகு 1867இல், 42 வயதில், அதே பெயரில் 21 அடி நீளமுள்ள ஓர் இரட்டைப் பாய்மரப் படகைக் கட்டுவித்துத் தனியாகக் கடலுக்குக் கிளம்பியது.

கட்டியவர்கள் லைம்ஹவுஸில் இருந்த ஃபாரஸ்ட் நிறுவனத்தார், உயிர்காப்புப் படகுகள் கட்டுகிறவர்கள். தேர்வே பாதித் திட்டத்தைச் சொல்கிறது. தண்ணீர் புகாத தனித்தனி அறைகள், கூடவே ஒரு சின்னத் தோணி. எனக்குப் பிடித்தது வேறு: சுக்கானை விட்டு எழாமல் கை எட்டும் தூரத்தில் அடுப்பு, உணவு, வரைபடம் எல்லாம் இருக்கும்படி அவர் யோசித்து அமைத்தார். எங்கள் வார்டில் அவசர வண்டி என்று ஒன்று உண்டு. எந்த இழுப்பில் எந்த ஊசி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியவேண்டும். நோயாளி மூச்சுக்குத் திணறும்போது தேடக்கூடாது. மக்ரெகரின் படகு விவரிப்பைப் படித்தபோது, இவர் நல்ல செவிலியராக வந்திருப்பார் என்று தோன்றியது. படகில் பைபிள்களும் துண்டுப் பிரசுரங்களும் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக மாலுமிகளுக்குக் கொடுத்தார். நான் கிறிஸ்தவள்தான், இருந்தாலும், பிரெஞ்சுக் கத்தோலிக்க மீனவர்களிடம் புராட்டஸ்டண்ட் பிரசுரம் கொடுத்த அந்த உற்சாகத்தில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. கேட்டு வாங்கினார்களா, மரியாதைக்கு வாங்கினார்களா?

அவருக்கு ஒரு தேதி இருந்தது. பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி ஸேன் ஆற்றில் படகு விழா. டோவரிலிருந்து பூலோனுக்குக் கடந்து, பிரெஞ்சுக் கரையை ஒட்டி லே ஹாவ்ர்வரை போய், ஆற்றில் ஏறிப் பாரிஸ் சேர்ந்தார். சரியான நேரத்துக்குத்தான். அந்தக் கோடையில் பிரிட்டிஷ் கரையில் புயல் எச்சரிக்கைக் கூம்பு ஏற்றப்படவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். டார்வினை ‘பீகிள்’ கப்பலில் கூட்டிப்போன ஃபிட்ஸ்ராய்தான் 1861இல் தந்தி மூலம் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாட்டைத் தொடங்கியவர். எதிர்பார்ப்பு பொய்த்த நாட்களில் பத்திரிகைகள் கேலி செய்தன. 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். எச்சரிக்கைகளுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று 1866 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். மீனவர்களும் துறைமுகத்தாரும் கேட்டுக் கேட்டு மீண்டும் தொடங்குவதற்குள் ஒரு வருடம் போய்விட்டது. அந்த இடைவெளியில் கடலில் இருந்தவர் மக்ரெகர். திரும்பும் வழியில், தனியாகக் கால்வாயைக் கடந்தபின், பீச்சி ஹெட் பாறைமுனைக்கு அப்பால் ஓர் இரவு இடிமின்னலில் அகப்பட்டுக்கொண்டார். பிழைத்து வந்து அந்த வருடமே புத்தகமும் எழுதினார். அதில் சிரிப்பு நிறைய. ஆனால் தூக்கமில்லாத மனிதனின் தீர்மானங்கள் எப்படி இருக்கும் என்று இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பக்கங்களில் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நேர்மாறான ஒருவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். நாடாளுமன்ற மக்களவையில் எழுத்தர். சபை கலைந்தால் மாதக்கணக்கில் விடுப்பு. (வருடாந்திர விடுப்புக்கு மேலாளரிடம் மன்றாடும் நம்மவர்கள் பெருமூச்சு விடலாம்.) 1897 ஆகஸ்டில் ‘விக்ஸன்’ என்ற படகில் கிளம்பினார். பழைய உயிர்காப்புப் படகொன்றை மாற்றிக் கட்டியது, பார்க்க அழகில்லை. ஆனால் அடிக்கட்டைப் பலகையை மேலே இழுத்துவிட்டால் ஆழமில்லாத நீரிலும் ஊர்ந்து போகும். பிரான்ஸின் தென்பக்கம் போவதுதான் முதல் எண்ணம். தென்மேற்குக் காற்று விடவில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, சரி, காற்று போகச்சொல்லும் பக்கமே போவோம் என்று கிழக்கே திரும்பினார். ஹாலந்து, ஜெர்மனியின் ஃபிரீசியத் தீவுகள், பால்டிக் என்று போய், டிசம்பரில் டெர்ஷெல்லிங் தீவில் படகை விட்டுவிட்டு ஊர் வந்தார். மறு வருடம் போய் எடுத்துக்கொண்டார்.

தேதி வந்துவிட்டது, படகு வீட்டுக்கு வரவில்லை, அதனால் என்ன? படகை விட்டுவிட்டு வா. திட்டமிடுதலின் உச்சம் என்று நான் கருதுவது இதைத்தான். ஃபிரீசியத் தீவுகளுக்குப் பின்னால் வெள்ளம் வற்றும்போது தலைகாட்டும் மணல்திட்டுகளில் தட்டித் தட்டிப் போன அந்த வாரங்களிலிருந்துதான், 1903இல் அவருடைய ‘தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்’ நாவல் வந்தது. காற்று சாதகமாக இருந்திருந்தால் அந்த நாவல் இல்லை.

அவருடைய மனைவி மோலியைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவயது விபத்தில் இடுப்பு பாதிக்கப்பட்டு, நடப்பதே சிரமம். அவர் பெற்றோர் திருமணப் பரிசாகக் கொடுத்தது ‘அஸ்கார்ட்’ என்ற 51 அடிப் படகு. 1905இல் நார்வேயில் காலின் ஆர்ச்சர் கட்டியது. நடக்கமுடியாத பெண்ணுக்குப் படகா என்று கேட்கலாம். படகில் யாரும் அதிகம் நடப்பதில்லை. உட்கார்ந்து சுக்கான் பிடிக்கலாம், மோலி நன்றாகவே பிடித்தார். 1914 ஜூலை 26 அன்று டப்ளின் அருகே ஹோத் துறைமுகத்தில் அயர்லாந்துத் தொண்டர் படைக்காக 900 துப்பாக்கிகளை இறக்கியது அந்த உல்லாசப் படகுதான். 1922 நவம்பரில், அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது, சில்டர்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். அது வேறொரு மாலைப் பேச்சுக்கு உரியது.

இந்தப் பொழுதுபோக்கை ஒழுங்கான பாடமாக்கியவர்களில் ஒருவர், சொன்னால் கண் மருத்துவப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் துள்ளுவார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளைப் புள்ளிகளைக் காட்டிச் செய்யும் ‘வொர்த் நான்கு புள்ளிச் சோதனை’ இருக்கிறதே, அந்த வொர்த்தேதான். லண்டன் கண் அறுவை மருத்துவர் கிளாட் வொர்த், 1910இல் சிறு படகுப் பயணம் பற்றி ஒரு நூல் எழுதினார். கட்டுமானம், பாய், நங்கூரம் என்று எல்லாம் பொறுமையாக. மாறுகண் குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து குறித்துவைத்தவரின் பொறுமை அது.

கடைசியாக ஆர். டி. மக்மல்லன். உண்மையில் இவரிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். 1850இலேயே ‘லியோ’ என்ற இருபதடிப் படகில் தானாகக் கற்றுக்கொண்டவர். பங்குத் தரகர், சுத்தக்காரர், கோபக்காரர். புயல் வந்தால் கரையை நோக்கி ஓடாதே, கரைதான் ஆபத்து, ஆழ்கடலுக்குப் போய்த் தாங்கு என்பது அவர் கட்சி. 1877இல் சம்பள ஆட்கள் இருவரும் சோம்பேறிகள் என்று அவர்களைப் பிரான்ஸிலேயே இறக்கிவிட்டு, நாலைந்து பேர் இழுக்கவேண்டிய ‘ஓரியன்’ படகைத் தனியொருவராக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அந்த இருவர் பக்கக் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை. தண்டலின் பேத்திக்கு அது உறுத்துகிறது.

1891 ஜூனில், அறுபதைக் கடந்த மக்மல்லன், ‘பெர்சியஸ்’ என்ற 27 அடிப் படகில் வழக்கம்போலத் தனியே கிளம்பினார். கால்வாயின் நடுவில் இதயம் நின்றது. பிரெஞ்சு மீனவர்கள் கண்டெடுத்தபோது படகு பாய் விரித்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

இதயப் பிரிவில் வேலை பார்ப்பதால் நேரலையில் என்னிடம் ஒரு தம்பி கேட்டார்: “அக்கா, கூட ஒருவர் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா?” 1891இல் இதயத்துடிப்பை வரைந்து பார்க்கும் கருவி மருத்துவமனைகளில் கிடையாது. நின்ற இதயத்தை மின்சாரம் கொடுத்துத் திருப்பும் வழி இல்லை. நாம் இன்று பயிற்சி பெறும் நெஞ்சழுத்த முறைக்கு இன்னும் எழுபது வருடம் இருந்தது. கூட ஒருவர் இருந்திருந்தால் கண்ணை மூடிவிட்டு, பாயை இறக்கி, படகைக் கரைக்குக் கொண்டுவந்திருப்பார். அதைத்தான் அந்த மீனவர்களும் செய்தார்கள்.