கடல்கட்டியும் கம்பெனியும்

இந்தக் காலத்தில் பெரிய தொழிற்சாலை எதற்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எச்சரிக்கைப் பலகை. தலைக்குக் கவசம், காலுக்குப் பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். பல தேசங்களில் கிளை பரப்பிய கம்பெனியாக இருந்தால், தொழிலாளியின் உயிரைக் காப்பதற்கென்றே தனி இலாகாவும் அதிகாரியும் உண்டு. இதெல்லாம் நேற்று வந்த நாகரிகம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். தூத்துக்குடிக் கடற்கரையின் பழைய கதையைப் புரட்டிப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட அதிகாரி ஒருவர் அங்கே பல நூறு வருஷங்களுக்கு முன்பே உத்தியோகம் பார்த்திருக்கிறார். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். சுறா மீனின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவருடைய வேலை.

முத்துக் குளிப்பது கதைகளில் படிக்க இனிமையான தொழில். செய்து பார்க்க அப்படியல்ல. ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். கனமான கல்லில் காலை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஆள் இறங்குவான். கல் அவனைத் தரைக்குக் கொண்டு சேர்க்கும். ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பான். தோணியில் இருப்பவன் இழுப்பான். இப்படி ஒரு நாளைக்கு 40, 50 தடவை. மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிவதுண்டு.

மேலே கயிறு பிடிப்பவன் கொஞ்சம் அசந்தால் கீழே இருப்பவன் கதி அதோகதிதான். அதனால் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் அல்லவா தொங்குகிறது! சட்டமும் இன்ஸ்பெக்டரும் இல்லாத காலத்தில் நம் ஜனங்கள் கண்டுபிடித்த பாதுகாப்பு ஏற்பாடு அது.

கயிற்றுக்கு மைத்துனன் சரி, சுறாவுக்கு யார்? அங்கேதான் கடல்கட்டி வருகிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு மீனைக் கட்டும் மந்திரவாதிக்கு. இன்னொரு விஷயமும் சொல்கிறார். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்து விடுவார்களாம், திருடர்கள் இறங்கிச் சிப்பி எடுத்துவிடாமல் இருக்க! காவல் ஆளுக்கா, முத்துக்கா என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

1658ல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார். 1602ல் தோன்றிய அந்தக் கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாமில் பங்குதாரர்கள். ஆப்பிரிக்கா முனையிலிருந்து ஜப்பான் வரை வியாபாரம். பல தேசக் கம்பெனிகளுக்கெல்லாம் அதைப் பாட்டனார் என்று சொல்லலாம். முத்துச் சலாபம் நடக்கும்போது கம்பெனி கல்லுக்கு இவ்வளவு என்று வரி வாங்கியது. கணக்குக்கு அடையாளம் கல். அந்தக் கல்லோடு இறங்கிய மனிதன் அல்ல.

இடையில் எத்தனை கொடிகள் மாறினாலும் கடல்கட்டியின் உத்தியோகம் மட்டும் போய்விடவில்லை. இதே வளைகுடாவின் இலங்கைக் கரையில், ஆங்கிலேயர் நடத்திய சலாபத்தைக் கண்ட கார்டினர் என்ற பாதிரியார் 1807ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அதை வர்ணிக்கிறார். கடல்கட்டிகள் இருவர். ஒருவர் முதல் தோணியில் போவார். மற்றவர் கரையில், ஓர் அறைக்குள், தோணிகள் திரும்பும் வரை பூட்டிக்கொண்டு இருப்பார். அவர் முன்னால் பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர். அதில் வெள்ளியால் செய்த ஆண் மீன் ஒன்று, பெண் மீன் ஒன்று. கடலில் விபத்து நேர்ந்தால் ஒரு மீன் மற்றதைக் கடிக்குமாம்! 1859ல் எமர்சன் டென்னன்ட் எழுதுகிறபோது, அந்தப் பரம்பரையின் தலைவர் ரோமன் கத்தோலிக்கர். மந்திரத்துக்கு மதம் குறுக்கே நிற்கவில்லை.

துரைமார்கள் இதை நம்பினார்களா? கார்டினர் ஏமாற்று என்றே எழுதுகிறார். ஆனால் சலாபத்துக்கு இன்றியமையாத அங்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். காரணம் எளிது. கடல்கட்டி இல்லையென்றால் ஒருவனும் கல்லில் கால் வைக்க மாட்டான். சலாபம் நடப்பதோ சில வாரங்கள்தான். அந்தச் சமயத்தில் ஆட்கள் கரையில் உட்கார்ந்துவிட்டால் போகும் வருமானத்தை நினைத்தால், வெள்ளி மீன்களின் செலவு வெறும் அற்பம். தொழிலாளியின் அச்சத்தைத் தீர்ப்பது மலிவு. ஆபத்தைத் தீர்ப்பதுதான் செலவு.

இதற்குச் சாட்சி கரையிலேயே கிடந்தது. முத்தைப் பிரிப்பதற்காகச் சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். ஈயும் நாற்றமும் சொல்லி முடியாது. அதன் நடுவே ஆயிரக்கணக்கான ஜனங்கள். வாந்திபேதி கிளம்பிச் சலாபம் கலைந்த வருஷங்களும் உண்டு. அந்த வாயைக் கட்ட எவரும் மந்திரவாதியைத் தேடவில்லை.

கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த பிறகு, 1890ல், தூத்துக்குடியில் ஒரு சலாபம். சென்னை மியூஸியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அதை எழுதி வைத்திருக்கிறார். குளியாள் ஒருவனைச் சுறா கடித்துவிட்டது. மற்றவர்கள் மிரண்டார்கள். பிறகு தாங்களாகவே மந்திரம் தெரிந்த ஒரு பெண்பிள்ளையை ஏற்பாடு செய்துகொண்டு மறுபடி இறங்கினார்கள். அவள் மந்திரம் பலிக்கவில்லை. மேலும் பலரைச் சுறா கடித்தது. நல்ல காற்று, தெளிந்த தண்ணீர், வேண்டிய தோணிகள், சிப்பிக்கு நல்ல விலை. எல்லாம் கூடி வந்த வேளையில் சலாபத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று.

சர்க்காருக்கு நஷ்டம் என்ற முறையில்தான் இந்தச் செய்தி ஏட்டில் ஏறியிருக்கிறது. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. உயிருக்குப் பயந்த மனிதர்கள், முத்தைவிட உயிர் பெரிது என்று தீர்ப்புச் சொன்ன சம்பவம் அது. யாரும் அதை வேலை நிறுத்தம் என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பெயரும் அதே ஊருக்கு வந்தது. ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக்காரர்களின் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். அவர்களுக்குத் தைரியம் சொன்னவர்கள் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும். மார்ச் மாத ஆரம்பத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. சோர்ந்த கையைத்தான் இயந்திரம் முதலில் கடிக்கும் என்பதை நினைத்தால், ஓய்வு கேட்டது உயிர் கேட்டதே ஆகும். பஞ்சாலையில் ஆண் தொழிலாளிக்குப் பன்னிரண்டு மணி என்று சட்டம் வரம்பு கட்டியது 1911ல்தான். தூத்துக்குடி அதற்கு மூன்று வருஷம் முந்திக்கொண்டது.

அந்தக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961ல். 1973ல் தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் முத்தை வளர்த்தே எடுத்துவிட்டார்கள். துறைமுகம் 2011 முதல் வ.உ.சி.யின் பெயரைத் தாங்குகிறது. கடல்கட்டியின் இடத்தில் இப்போது பலகைகளும் கவசங்களும் வந்திருக்கின்றன. வெள்ளி மீனைவிட இவை எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு கம்பெனியின் பாதுகாப்பை அளக்க விரும்புகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. "இன்று கடல் சரியில்லை, இறங்க மாட்டேன்" என்று அங்கே ஒரு தொழிலாளி சொல்ல முடியுமா, சொன்ன பிறகும் நாளைக்கு அவனுக்கு வேலை இருக்குமா என்று விசாரிக்க வேண்டும்.