நீக்கப்பட்ட ஒரு வரி: லோராக்ஸ் படநூலின் வரலாறு

1985-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தைகள் எழுத்தாளர் ஒருவருக்கு ஒஹையோ மாநிலத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. வேண்டியவர்கள் ஈரி ஏரியைப் பற்றிய ஆய்வுத் திட்டமொன்றில் பணிபுரிந்த இருவர். 14 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அவருடைய படநூலில், கெட்டுப்போன நீருக்கு உதாரணமாக ஈரி ஏரி பெயர் சொல்லிச் சுட்டப்பட்டிருந்தது. ஏரி இப்போது பெருமளவு தேறிவிட்டது, அந்தக் குறிப்பு இனியும் நியாயமன்று என்பது அவர்கள் வாதம். எழுத்தாளர் ஒப்புக்கொண்டார். பின்வந்த பதிப்புகளில் அந்த வரி இல்லை.

நூலின் பெயர் லோராக்ஸ். ஆசிரியர் டாக்டர் சூஸ் என்ற புனைபெயரில் எழுதிய தியோடர் கீசெல் (1904–1991). காட்டுயிர்களும் அவற்றின் வாழிடமும் அழிவதைச் சொல்லும் படநூல்கள் என்றதும் ஆங்கில வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவனவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு கருத்தைச் சொல்வதற்கென்றே எழுதப்படும் குழந்தை நூல் எப்போது கதையாகிறது, எந்த இடத்தில் அது நிகழ்கால உண்மைக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்ற இரு கேள்விகளை முன்வைத்து இந்நூலின் வரலாற்றைப் பார்க்கலாம்.

கீசெல் பிறந்தது மாசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில். குடும்பத் தொழில் பீர் தயாரிப்பு. மதுவிலக்கு அத்தொழிலை முடக்கியது; தந்தை பின்னர் நகரப் பூங்காக்களின் மேற்பார்வையாளரானார். பூங்காவோடு ஒரு விலங்குக்காட்சிச் சாலையும் இருந்தது. அங்கே இறந்துபோன விலங்குகளின் கொம்புகளையும் அலகுகளையும் தந்தை மகனுக்கு அனுப்பிவைப்பார். முப்பதுகளில் மகன் அவற்றைக் கொண்டு உலகில் எங்கும் இல்லாத விலங்குகளின் தலைகளைச் செய்தார். வேட்டைக்காரர்கள் தம் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் பாடம்செய்த தலைகளைப் போலவே அவையும் பலகையில் பொருத்தப்பட்டிருந்தன. பிற்காலத்தில் அவர் நூல்களில் திரிந்த விசித்திரப் பிராணிகளின் மூதாதையர் என்று இவற்றைச் சொல்லலாம்.

அதே காலத்தில் அவருக்குச் சோறு போட்டது ஒரு பூச்சிமருந்து. நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனக் குழுமத்தின் ஃப்ளிட் என்ற மருந்துக்கு 1928 முதல் ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் விளம்பரப் படங்கள் வரைந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் அவரைத் தாங்கியது அந்த வருமானமே. உலகப்போருக்குப் பின் அதே ஃப்ளிட்டில் டி.டி.டி. சேர்க்கப்பட்டது. 1962-இல் ரேச்சல் கார்சன் தமது 'மௌன வசந்தம்' நூலில் பறவைகளின் அழிவுக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் அந்த டி.டி.டி.யைத்தான். லோராக்ஸை வாசிக்கும்போது இப்பின்னணியை மறக்கலாகாது. மக்களுக்கு இல்லாத ஒரு தேவையை உண்டாக்கிப் பொருளை விற்கும் வித்தையை இந்த ஆசிரியர் உள்ளிருந்து அறிந்தவர்.

அறுபதுகளின் இறுதி அமெரிக்காவில் சூழல் பற்றிய அச்சம் பரவிய காலம். 1969 ஜூனில் ஒஹையோவின் குயஹோகா ஆற்றின் மேல் மிதந்த எண்ணெய்ப் படலம் தீப்பற்றி எரிந்தது. அந்த ஆறு கலப்பது ஈரி ஏரியில். ஏரி செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 1970 ஏப்ரல் 22 அன்று முதலாவது புவி நாள் கொண்டாடப்பட்டது. கீசெல் அப்போது கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில், கடலை நோக்கிய குன்றொன்றின் மேல் வாழ்ந்துவந்தார். சுற்றிலும் பெருகிக்கொண்டிருந்த கட்டடங்கள் அவருக்குக் கோபமூட்டின. சூழலியல் நூல்களைத் தேடிப் படித்தார். அவை புள்ளிவிவரமும் உபதேசமுமாகச் சலிப்பூட்டின. எழுத உட்கார்ந்தால் தம் எழுத்தும் அதே குரலில் வந்தது. கோபம் மிகுந்திருந்தும் கதை பிடிபடவில்லை.

மனைவி ஆட்ரியின் யோசனைப்படி இருவரும் கென்யாவுக்குச் சென்றார்கள். கென்ய மலையடிவாரத்தில் நன்யூகி ஊரின் அருகே, ஹாலிவுட் நடிகர் வில்லியம் ஹோல்டனும் நண்பர்களும் 1959-இல் தொடங்கிய சஃபாரி கிளப்பில் தங்கினர். ஒரு பிற்பகலில் யானைக் கூட்டமொன்று தொலைவிலுள்ள குன்றைக் கடந்து செல்வதைக் கீசெல் கண்டார். கைக்கு அகப்பட்டது சலவைக்குப் போடும் துணிகளைக் குறித்துத்தரும் தாள். அதில் எழுதத் தொடங்கியவர் நூலின் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அன்றைக்கே முடித்துவிட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1957-இல் வெளிவந்த, 236 வெவ்வேறு சொற்களை மட்டுமே கொண்ட தொப்பி அணிந்த பூனையின் கதைக்கு ஓராண்டுக்கு மேல் செலவிட்டவர் அவர். இவ்வளவு விரைவு அவர் இயல்புக்குப் புறம்பானது. யானைகளைப் பார்த்த வேகத்தில் எழுதிய இந்தக் கதையில் யானை இல்லை என்பது இன்னொரு வேடிக்கை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாழடைந்த ஊரின் கோடியில், பலகையடித்த வீட்டுக்குள் ஒளிந்து வாழும் ஒன்ஸ்லர் என்பவனிடம் ஒரு சிறுவன் கதை கேட்கிறான். பட்டுப்போன்ற கொண்டை கொண்ட ட்ருஃபுலா மரங்கள் நிறைந்த காட்டுக்கு ஒன்ஸ்லர் முன்னொரு காலத்தில் வந்தான். ஒரு மரத்தை வெட்டி அதன் இழையில் த்னீட் என்ற ஆடையைப் பின்னினான். எதற்கும் உதவும் என்று விளம்பரம் செய்யத்தக்க, எவருக்கும் தேவைப்படாத பொருள் அது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து மீசைக்காரக் குட்டை உருவமொன்று வெளிப்பட்டு, வாயற்ற மரங்களுக்காக வாதாடுகிறது. அதுவே லோராக்ஸ். ஒன்ஸ்லர் கேட்பதில்லை. ஆலை எழுகிறது, கடைசி மரம் விழுகிறது, எஞ்சுவது ஒரே ஒரு விதை.

இக்கதையின் அமைப்பில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கதைசொல்லி குற்றம் செய்தவனே. காட்டின் காவலன் கதையைச் சொல்லியிருந்தால் அது புகார்ப் பத்திரமாகியிருக்கும். அழித்தவன் தன் வாயால் சொல்லும்போது அது வாக்குமூலமாகிறது. லோராக்ஸோ எரிச்சலூட்டும் பிராணி. நச்சரிக்கிறது, கத்துகிறது, ஒருமுறைகூட வெல்வதில்லை. உபதேசிப்பவர் மேல் நமக்கு வரும் சலிப்பை ஆசிரியர் உணர்ந்தே அதற்குக் கதைக்குள் இடம் கொடுத்துவிட்டார். பூச்சிமருந்தை விற்க உதவிய கை எழுதிய கதை என்பதால், ஒன்ஸ்லரின் குரலில் ஆசிரியரின் குரலும் கொஞ்சம் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, காட்டுயிர்கள் காட்டைவிட்டு நீங்கும் முறை. பழம் தின்று வாழ்ந்த பார்-பா-லூட்டுகள் மரங்கள் குறைந்ததும் பசியால் வெளியேறுகின்றன. அன்னங்கள் புகையால் தொண்டை கட்டிப் பாடமுடியாமல் பறந்துபோகின்றன. ரீங்கரிக்கும் மீன்கள் ஆலைக்கழிவு செவுள்களை அடைக்க, வேறு நீர் தேடித் துடுப்புகளால் நடந்தே போகின்றன. உணவு, காற்று, நீர் என்று மூன்று வெளியேற்றங்களுக்கு மூன்று காரணங்கள். வாழிட இழப்பு என்று பாடநூல் ஒரே சொல்லில் முடிப்பதைக் குழந்தை மூன்று ஊர்வலங்களாகக் கண்ணால் பார்க்கிறது. எந்த உயிரும் பக்கத்தின்மேல் சாவதில்லை. எங்கே போயின என்பதும் சொல்லப்படுவதில்லை. நம் பஞ்சதந்திரத்து நரியும் காகமும் விலங்கு வேடமிட்ட மனிதர்கள். இந்நூலின் உயிர்கள் யாருடைய குணத்துக்கும் குறியீடாக வரவில்லை. அவற்றுக்கு வேண்டியது இருக்க ஓரிடம், அவ்வளவே.

மூன்றாவது, படங்கள். நூல் இருண்ட நீலத்திலும் ஊதாவிலும் தொடங்குகிறது. பழைய கதைக்குள் நுழைந்ததும் வண்ணங்கள் வெடிக்கின்றன. பின்பு பக்கம் திருப்பத் திருப்ப வெளிச்சம் மங்கி, மீண்டும் தொடங்கிய இருளுக்கே வந்து சேர்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்கும் நடந்தது புரிந்துவிடும். ஒன்ஸ்லரின் முகம் ஓரிடத்திலும் காட்டப்படவில்லை. பச்சை நிறக் கைகள் மட்டும் வருகின்றன. வெட்டுகின்றன, பின்னுகின்றன, காசு எண்ணுகின்றன. முகம் இல்லாததால் அவன் யாராகவும் இருக்கக்கூடும்.

லோராக்ஸ் போகும்போது கற்களின் மேல் விட்டுச்செல்வதும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் அது நிபந்தனையைக் குறிக்கும் தனிச்சொல். தமிழில் நிபந்தனை வினையோடு ஒட்டிக்கொண்டு 'செய்யாவிட்டால்' என்று வரும். செய்யவேண்டியவர் யார், செய்யவேண்டியது எது என்று சொல்லாமல் அதை எழுதுவது கடினம். இந்நூலின் முடிவோ அப்படிச் சொல்லாமல் விட்டதில்தான் நிற்கிறது. அந்த வாக்கியத்தை முடிக்கும் வேலை சிறுவனிடமும், அவன் வழியாக வாசிக்கும் குழந்தையிடமும் விடப்படுகிறது.

நூல் 1971-இல் வெளிவந்தது. மறு ஆண்டே அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளின் நீர்த்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஈரியின் நோய்க்கு மூலம் சலவைத்தூளிலும் நகரக் கழிவுநீரிலும் இருந்த பாஸ்பரஸ். அதனால் பாசி பெருகியது. பாசி மக்கும்போது நீரின் பிராணவாயு தீர்ந்து மீன்கள் மடிந்தன. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சலவைத்தூளில் பாஸ்பரஸ் கட்டுப்படுத்தப்பட்டது, மீன்கள் திரும்பின. கற்பனை மீன்கள் புறப்பட்டுப் போகும் பக்கத்தில் ஓர் உண்மையான ஏரியின் பெயர் இருந்ததால் 1985-இல் அது திருத்தத்துக்கு உரியதாயிற்று.

அடுத்து வந்த எதிர்ப்பு வேறு வகையானது. 1989-இல், செம்மரக் காடுகளும் மரம்வெட்டும் தொழிலும் சேர்ந்திருந்த வட கலிஃபோர்னியச் சிற்றூரான லேட்டன்வில்லில், இரண்டாம் வகுப்புக் கட்டாய வாசிப்புப் பட்டியலிலிருந்து லோராக்ஸை நீக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. தம் பெற்றோரின் பிழைப்பையே பாவமென்று பள்ளி கற்பிக்கிறது என்பது மரத்தொழில் சார்ந்த குடும்பங்களின் வருத்தம். புள்ளி ஆந்தையின் பாதுகாப்புக்காகப் பழங்காடுகளை வெட்டத் தடை வருமோ என்று மேற்குக் கடற்கரையே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வருத்தத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எட்டு வயதுக் குழந்தை பள்ளியிலிருந்து வந்து தகப்பனின் முகத்தை ஒன்ஸ்லராகப் பார்ப்பது சிறிய விஷயமன்று. தாமும் மரவீட்டில் வாழ்பவரே, தம் நூல்களும் காகிதத்தில்தான் அச்சாகின்றன, மரம் வெட்டுவதே பாவம் என்று நூல் சொல்லவில்லை, பேராசையைத்தான் சாடுகிறது என்ற பொருளில் கீசெல் விளக்கமளித்தார். நூல் நீக்கப்படவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மரத்தரைத் தொழிலினர் ஆதரவில் ட்ருவாக்ஸ் என்ற எதிர்ப்படநூல் ஒன்றும் வந்தது. அதில் மரவெட்டி பொறுமையாக விளக்குகிறான். காட்டின் காவலன் காட்டுக்கத்தல் கத்துகிறான்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. ஏரியைப் பற்றிய வரி ஒரு தகவல். அது பொய்யானதும் ஆசிரியர் அதை விட்டுக்கொடுத்தார். ட்ருஃபுலா காடு ஒரு புனைவு; அதற்கு எதிராகச் சான்று காட்ட எவராலும் இயலாது, ஆகவே எதிர்ப்பவர்களும் இன்னொரு புனைவையே எழுத வேண்டியிருந்தது. செய்தி சொல்லும் படநூலை உருவாக்குவோர் இந்த எல்லைக்கோட்டை அறிந்திருப்பது நல்லது.

2012-இல் வந்த திரைப்படம் ஒன்ஸ்லருக்கு ஒரு முகம் கொடுத்தது. கிதார் வாசிக்கும் இளைஞனாகி, குடும்பத்தின் வற்புறுத்தலுக்கு ஆளானவனுமாகி, அவன் தனியொருவனாகிவிட்டான். படத்தின் பாத்திரங்கள் ஒரு கார் விளம்பரத்திலும் தோன்றியது கண்டனத்துக்குள்ளானது. த்னீட்டைப் பற்றிய கதை த்னீட் விற்கப் பயன்பட்டது.

2018-இல் மானிடவியலாளர் நதானியல் டொமினியும் சக ஆய்வாளர்களும் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். கீசெல் தங்கிய இடத்தையடுத்த லைக்கிப்பியா சமவெளியில் பட்டாஸ் என்ற மீசை வைத்த செந்நிறக் குரங்கு வாழ்கிறது. அதன் உணவில் பெரும்பகுதி, காற்றில் சீழ்க்கையொலி எழுப்பும் ஒருவகை முள்வேல மரத்தைச் சார்ந்தது. லோராக்ஸின் முகம் இந்தக் குரங்கின் முகத்தை ஒத்திருக்கிறது என்று கணினி ஒப்பீட்டின் துணையுடன் அவர்கள் வாதிட்டனர். கீசெல் அக்குரங்கைக் கண்டாரா என்பதற்கு நேரடிச் சான்றில்லை. ஆனால் அவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவு கதைக்கு நன்றாகப் பொருந்துகிறது. லோராக்ஸ் வெளியிலிருந்து வந்து அதிகாரம் செய்யும் காவலனாக இல்லாமல், அந்த மரத்தை நம்பி வாழும் இன்னோர் உயிராக இருக்கலாம். மரத்தின் அடிக்கட்டையிலிருந்து அது வெளிப்படுவதும், கடைசி மரம் விழுந்ததும் அதற்கு இருப்பிடம் இல்லாமல் போவதும் அப்போது இன்னும் தெளிவாகின்றன.

ஏரியின் கதை 1985-உடன் முடியவில்லை. 2014 ஆகஸ்டில் ஈரிக்கரையின் டொலிடோ நகரில் நான்கு லட்சம் பேருக்கு மேல், குழாய்நீரைக் குடிக்கவும் சமையலுக்குப் பயன்படுத்தவும் கூடாதென்று எச்சரிக்கப்பட்டனர். தடை நீங்க ஏறத்தாழ மூன்று நாள் ஆயிற்று. காய்ச்சியும் போகாத பாசி நஞ்சு நீரில் கலந்திருந்தது. இம்முறை முதன்மைக் காரணம் வயல்களிலிருந்து வடிந்த உரமும் கால்நடைக் கழிவும். நூலில் அந்த வரி மீண்டும் சேர்க்கப்படவில்லை. சேர்க்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. எழுதிய நாளில் அது உண்மை, நீக்கிய நாளில் நீக்கியதும் நேர்மை. தேறிய ஏரியைத் தேறியது என்று ஒப்புக்கொள்ளாத நூல் கடைசி விதையைக் குழந்தையின் கையில் கொடுப்பதில் பொருளில்லை. அந்தத் தேற்றத்தைக் காப்பது ஒரு தலைமுறையில் முடிகிற வேலையாக இல்லை என்பதை டொலிடோவின் மூன்று நாட்கள் காட்டின. கற்களின் மேல் இருந்த சொல்லும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.