பதிலி வழங்கியின் வரலாறு: கணினி அமைப்பில் ஒரு சிறு பெட்டி

பிராக்சி சர்வர் என்று பரவலாக அறியப்படும் பதிலி வழங்கி, ஒரு கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று, அந்தக் கணினியின் சார்பில் தகவலைக் கேட்டுப் பெற்றுத் தரும் கணினி ஆகும். விடுதி மாணவர் ஒருவருக்கு வெளியே செல்ல அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் வாயிற்காவலரிடம் பணம் கொடுத்துக் கடையில் பொருள் வாங்கிவரச் சொல்கிறார். கடைக்காரர் காவலரை மட்டுமே பார்க்கிறார். மாணவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் யார் எதை வாங்கினார் என்பது முழுவதும் காவலருக்குத் தெரியும். பதிலி வழங்கியின் பயனும் அதிலுள்ள ஆபத்தும் இந்த எடுத்துக்காட்டிலேயே அடங்கியுள்ளன.

நம் கணினியின் அமைப்புகளில் இதற்கென ஒரு சிறு பெட்டி உண்டு. முகவரிக்கு ஒரு கட்டம், போர்ட் எண்ணுக்கு ஒரு கட்டம். இந்தப் பெட்டி எப்படி வந்தது, அதில் எழுத வேண்டியதை யார் முடிவு செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தீயரண்களின் காலம்

ஒரு பொருளை நேரடியாக அணுகாமல் அதன் பதிலியை அணுகுவது என்ற கருத்தை, 1986இல் மார்க் ஷப்பீரோ தம் ஆய்வுக் கட்டுரையில் பிராக்சிக் கொள்கை என்ற பெயரில் விளக்கினார். அப்போது உலகளாவிய வலை தோன்றியிருக்கவில்லை.

1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அதன் பின்னர் நிறுவனங்கள் தங்கள் உள் வலையமைப்பைச் சுற்றித் தீயரண் அமைப்பதில் அக்கறை காட்டின. தீயரண் வெளியாட்களைத் தடுத்தது. அதே வேளையில் உள்ளே இருப்பவர்கள் வெளியே செல்லும் வழியையும் அடைத்தது.

இதற்கு ஒரு தீர்வாக டேவிட் கோப்லஸ் என்பவர் சாக்ஸ் என்ற முறையை உருவாக்கி 1992இல் வெளியிட்டார். தீயரணில் இருக்கும் ஒரு நடுவர் வழியே எல்லா இணைப்புகளும் செல்லும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. பயனர் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. சாக்ஸின் ஐந்தாம் பதிப்பு 1996இல் இணையத் தரமாக வெளியிடப்பட்டது. அதன் வழக்கமான போர்ட் எண் 1080.

செர்ன் ஆய்வகமும் வலைப் பதிலியும்

உலகளாவிய வலை பிறந்த செர்ன் ஆய்வகத்திலேயே வலைக்கான பதிலி வழங்கியும் உருப்பெற்றது. செர்னைச் சேர்ந்த ஆரி லுவோட்டனென், இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஆல்டிஸ் ஆகிய இருவரும் 1994இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் இதைப் பற்றிய கட்டுரையை அளித்தனர்.

இந்த முறையில் உலாவி ஒரே மொழி பேசினால் போதும். எச்.டி.டி.பி., எஃப்.டி.பி., கோஃபர் எனப் பல நெறிமுறைகளில் வெளியுலகோடு பேசுவது பதிலியின் வேலை. பயனர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு நெறிமுறைக்கும் உரிய பதிலியின் முகவரியைக் குறிப்பது மட்டுமே. யூனிக்ஸ் கணினிகளில் அது ஒற்றை வரியில் எழுதும் சூழல் மாறியாக இருந்தது. பின்னர் வந்த உலாவிகள் அதைப் பெட்டியாக வரைந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பழைய பதிப்புகளில் கோஃபருக்கும் ஒரு கட்டம் இருந்ததன் காரணம் இதுவே. கோஃபரின் புழக்கம் அருகிய பிறகும் அந்தக் கட்டம் சில ஆண்டுகள் நீடித்தது.

மெதுவான கம்பிகளின் காலம்

பதிலிக்கு விரைவிலேயே இரண்டாவது வேலை கிடைத்தது. காவலர் ஒரே பொருளைப் பத்து மாணவருக்காகப் பத்து முறை கடைக்குப் போய் வாங்க வேண்டியதில்லை. கொஞ்சம் வாங்கித் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். அதுபோல, ஒருவர் பார்த்த பக்கத்தின் நகலைப் பதிலி வழங்கி சேமித்து வைத்து அடுத்தவருக்கு உடனே கொடுக்கும். பிரிட்டனில் கென்ட் பல்கலைக்கழகம் இத்தகைய சேமிப்புப் பதிலியைக் கல்வி நிறுவனங்களுக்காக நடத்தியது. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் இணைப்பின் சுமையைக் குறைப்பது அதன் நோக்கம்.

அமெரிக்காவில் ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்த ஸ்குவிட் என்ற கட்டற்ற மென்பொருள் 1996இல் வெளிவந்தது. டுவேன் வெசல்ஸ் இதன் முதன்மை உருவாக்குநர். இதன் 3128 என்ற போர்ட் எண்ணை இன்றும் பல நிறுவனக் கணினிகளில் காணலாம்.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே மோடம் கொண்டு இணைக்கும் காலம் அது. ஒரே இணைப்பைப் பல கணினிகள் பகிர, மோடம் உள்ள கணினியில் வின்கேட் போன்ற பதிலி மென்பொருளை நிறுவும் வழி அப்போது இருந்தது. மற்றக் கணினிகளின் உலாவியில் அதன் முகவரியையும் போர்ட் எண்ணையும் எழுதிவிட்டால் போதும்.

பின்னர் முகவரி மாற்றம் செய்யும் ரவுட்டர்கள் வீடுகளுக்கு வந்தன. அவை உலாவியில் எந்த அமைப்பும் இன்றியே இணைப்பைப் பகிர்ந்தன. இன்று பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் பதிலிப் பெட்டி காலியாக இருப்பது இதனால்தான்.

தானாக அமையும் பதிலி

நூற்றுக்கணக்கான கணினிகளில் ஒவ்வொன்றாக முகவரி எழுதுவது நிர்வாகிகளுக்குக் கடினமாக இருந்தது. 1996இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, எந்தத் தளத்துக்கு எந்தப் பதிலி என்பதைச் சொல்லும் சிறு நிரல் கோப்பை ஏற்கும் வசதியைத் தந்தது. 1999இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 மேலும் ஒரு படி சென்றது. அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும் கணினியே வலையமைப்பில் தேடிக்கொண்டது.

வசதியோடு ஆபத்தும் வந்தது. கணினி எழுப்பும் அந்தக் கேள்விக்கு வலையமைப்பில் யார் பதில் சொன்னாலும் அவரே காவலராகிவிட முடியும். இந்தத் தானியங்கித் தேடலால் தகவல் களவு போகக்கூடும் என்று அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு 2016இல் எச்சரிக்கை வெளியிட்டது.

வாயிலே தடையாக

எல்லோரும் ஒரே வாயிலைக் கடந்தால், அங்கே நின்று தடுப்பது எளிது. சிங்கப்பூர் அரசு 1996இல் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தபோது, சுமார் 100 தளங்களைப் பதிலி வழங்கி மூலம் தடுக்கச் செய்தது. சவூதி அரேபியாவில் 1999இல் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுப் போக்குவரத்து முழுவதும் ரியாத்தில் உள்ள அரசு அறிவியல் நிறுவனத்தின் பதிலி வழங்கிகள் வழியே சென்றது.

2002இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஜோனதன் ஜிட்ரெய்னும் பெஞ்சமின் எடெல்மனும், அந்த நிறுவனத்தின் இசைவுடன், சவூதிப் பதிலி வழியே சுமார் 60,000 பக்கங்களைச் சோதித்தனர். 2,000க்கும் மேற்பட்டவை தடுக்கப்பட்டிருந்தன. பதிலியின் முகவரியை மாற்றினால் ஒரு கணினி காணும் உலகமே மாறிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மறையாக்கமும் போலிச் சான்றிதழும்

எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்க முறை பரவியதும் காவலரின் கண் ஓரளவு கட்டப்பட்டது. எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பது பதிலிக்குத் தெரியும். உள்ளே என்ன பேசினோம் என்பது தெரியாது. நகலைச் சேமித்துத் தரும் பழைய வேலையும் இதனால் குறைந்தது.

ஆனால் கணினியில் ஒரு பொய்யான மூலச் சான்றிதழை நிறுவிவிட்டால் இந்தக் காப்பு உடைந்துவிடும். லெனோவோ நிறுவனத்தின் சில மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதைத்தான் செய்தது. அது கணினிக்குள்ளேயே பதிலியாக அமர்ந்து, மறையாக்கம் செய்த பக்கங்களையும் படித்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி இருந்ததால், வெளியாள் ஒருவர் வங்கித் தளம்போல் நடிக்கவும் வழி ஏற்பட்டது. 2015 பிப்ரவரியில் இது வெளியே தெரிந்தது.

இன்றைய அமைப்பு

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அமைப்புகள் பகுதியில், வலையமைப்பும் இணையமும் என்பதன்கீழ் பிராக்சி என்ற பக்கம் உள்ளது. அங்கே உள்ள மூன்று வழிகளும் மேலே கண்ட வரலாற்றின் மூன்று கட்டங்களே: தானாகக் கண்டறிதல், நிரல் கோப்பின் முகவரியைக் கொடுத்தல், கையால் முகவரியும் போர்ட் எண்ணும் எழுதுதல். ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குத் தனி அமைப்பும் உண்டு. ஆகவே ஓர் உலாவியில் இணையம் கிடைத்து மற்றொன்றில் கிடைக்காவிட்டால் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த முகவரியை மட்டும் இந்தப் பெட்டியில் எழுதுவது நல்லது. இலவசப் பதிலி என்று முன்பின் தெரியாதவர் தரும் முகவரியை எழுதினால், நம் இணையப் போக்குவரத்து முழுவதையும் அவர் கையில் கொடுத்தவர்கள் ஆவோம். நாம் எழுதாத முகவரி ஒன்று அங்கே இருந்தால், அது எந்த மென்பொருளின் வேலை என்று கண்டறிந்து நீக்க வேண்டும். யாராவது சான்றிதழ் ஒன்றை நிறுவச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுவக் கூடாது.