வடம் நின்றுவிட்டால்: மலைக்கோயில் ரோப் கார்களின் கதை

காகம் பறவா மலை என்று ஐதிகம் சொல்லும் மலையொன்று காவிரியின் தென்கரையில், கரூர் மாவட்டத்துக் குளித்தலைக்கு அருகே நிற்கிறது. தேவாரம் பாடிய திருவாட்போக்கி அதுவே. இன்று அய்யர்மலை என்கிறோம். இறைவனை அடைய 1017 படிகள் ஏறவேண்டும். திருமுழுக்குக்குரிய காவிரி நீர் நாள்தோறும் ஆற்றிலிருந்து ஆட்களின் தோளிலேயே மலையேறும் மரபும் அங்கே உண்டு.

இம்மலைக்கு 2024 ஜூலை 24 அன்று ரோப் கார் திறக்கப்பட்டது. மறுநாளே பலத்த காற்றில் வடம் உருளையை விட்டு விலக, ஓட்டம் நடுவழியில் நின்றது. பெண்கள் சிலர் பெட்டிக்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தரத்தில் தவித்தனர். பின்னர் பத்திரமாக இறக்கப்பட்டனர். திறந்த நாள் ஆடி மாதத்தில் விழுந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பாட்டிமார் நமக்கு விட்டுச்சென்ற வானிலை அறிக்கை. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று அம்மாதத்தில் கொங்குச் சமவெளியை எப்படி உலுக்கும் என்பதைப் பனமரத்துப்பட்டியில் இருக்கும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாளேடுகளில் ஓரிரு நாள் பேசப்பட்டு மறக்கப்பட்ட இச்செய்தியை வரலாற்று நோக்கில் சற்றே விரித்துப் பார்ப்பது நன்று. வடம் அறுந்து வீழ்வதைப் பற்றியே நாம் அஞ்சுகிறோம். அறுந்ததைக் காட்டிலும் நின்றுபோனதே இந்த ஊர்தியின் வரலாற்றில் மிகுதி. நின்ற பிறகு மனிதரை எப்படி இறக்குவது என்ற வினா வடம் கட்டியவர் கையேட்டில் எப்போதும் பின்பக்கத்திலேயே இருந்து வந்திருக்கிறது.

இதற்கு ஒரு காரணம், நம் மலைகளில் வடம் முதலில் மனிதரைச் சுமக்கவில்லை என்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியே டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து வான்வடத்தில் தொங்கியபடி இன்றைய தேனி மாவட்டத்துக் கொட்டகுடிக்கு இறங்கியது. பிறகு போடிநாயக்கனூர் நோக்கி மாட்டுவண்டிகளில் சென்றது. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாக இருந்து 1908இல் குறும்பாதையான அந்த இருப்புப்பாதையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. தேயிலைப் பெட்டி நடுவானில் நின்றால் மறுநாள் வரை நிற்கும். அதற்குத் தாகமில்லை, தலைசுற்றல் இல்லை, பதற்றத்தில் எட்டிக் குதிக்கும் எண்ணமும் இல்லை. சரக்குக்காகப் பிறந்த ஏற்பாட்டில் மனிதன் ஏறி அமர்ந்தபோது வடம் மாறவில்லை, பொறுப்பு மாறியது.

பழனிக்கு வருவோம். 693 படிகள் கொண்ட அம்மலையில் 1966இல் இழுவை ரயில் வந்தது. விஞ்ச் என்றால்தான் பழனியில் எவருக்கும் புரியும். எட்டு நிமிடப் பயணம். அதையும் வடம்தான் இழுக்கிறது; ஆயினும் பெட்டி தரையில் பதிந்த தண்டவாளத்தின்மேல் ஊர்கிறது. நின்றால் கதவைத் திறந்து இறங்கிக்கொள்ளலாம். 2004இல் மூன்றே நிமிடத்தில் மலையுச்சி சேர்க்கும் ரோப் கார் தொடங்கியது. 2007 ஆகஸ்டு 26, ஞாயிற்றுக்கிழமை, பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி நால்வர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர்.

நெடுநாள் நின்றுகிடந்து மீண்டும் ஓடத் தொடங்கிய அந்த ரோப் காரை இன்று பாருங்கள். நாள்தோறும் நண்பகலுக்குப் பின் சிறிது நேரம் நிறுத்துகிறார்கள். மாதம் ஒருநாள் பராமரிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதம் போல முழுநிறுத்தம். காற்று வேகம் கூடினால் உடனே நிறுத்தம். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகும் நம் சேலம் மாவட்டத்தார் (எடப்பாடிப் பருவதராஜ குலத்தார்க்கு மலைமேலேயே இரவு தங்கும் வழக்கம் உண்டென்பது தனிச்சிறப்பு) இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்குக் கால் உண்டு. பேருந்தில் வந்திறங்குவோர்தாம் ‘ரோப் கார் இன்றைக்கு இல்லையாம்’ என்று முகம் சுளிப்பர். நால்வர் உயிரைக் கொடுத்து நாம் கற்ற பாடத்தின் மிச்சம் அந்த அறிவிப்புப் பலகை. அதைக் கண்டு சலித்துக்கொள்வது முறையன்று.

வடக்கே போனால் கதை இன்னும் கடுமையானது. 1992 அக்டோபர் 13 அன்று இமாச்சலப் பிரதேசத்துப் பர்வாணூவில், டிம்பர் டிரெயில் என்னும் உல்லாச விடுதியின் பெட்டி, இழுவை வடம் அறுந்து பள்ளத்தாக்கின் நடுவே நின்றது. பணியாளர் குதித்து இறந்தார். எஞ்சிய பத்துப் பேரை மீட்க விமானப்படை ஹெலிகாப்டரும் இராணுவத்தின் கமாண்டோ வீரர்களும் வரவேண்டியிருந்தது. மேஜர் இவான் கிராஸ்டோ கயிற்றில் தொங்கிப் பெட்டியின்மேல் இறங்கினார். இருட்டியதும் மீட்பு நின்றது. மீதமிருந்தோரை விட்டுவிட்டு அவர் திரும்பவில்லை. அன்றிரவு அவர்களோடு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தார். அவருக்குக் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது. விருதைவிட அந்த இரவே நம் நெஞ்சில் நிற்கிறது. அதே இடத்தில் 2022 ஜூனில் மீண்டும் பெட்டி நின்று, பயணிகள் கயிற்றில் இறக்கப்பட்டனர்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2022 ஏப்ரல் 10, இராமநவமி நாளில் சார்க்கண்டு மாநிலம் தேவ்கர் அருகே திரிகூட மலையில் பெட்டிகள் மோதிக்கொண்டன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் அந்தரத்தில் சிக்கினர். ஊர்மக்களும் பணியாளர்களும் கயிற்றில் நாற்காலியைக் கட்டிச் சிலரை முதலில் இறக்கினார்கள். மற்றவர்க்கு ஆளில்லா விமானத்தில் தண்ணீர் போயிற்று. மீட்பு முடிய நாற்பது மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இறந்த மூவரில் இருவர் ஹெலிகாப்டருக்கு ஏற்றப்படும்போது தவறி விழுந்தவர்கள். விபத்தில் பிழைத்து மீட்பில் இறந்தார்கள் என்பதை என்னவென்று சொல்வது? பாகிஸ்தானின் பட்டகிராமில் 2023 ஆகஸ்டு 22 அன்று ஆறு மாணவர் உள்ளிட்ட எண்மர் சிக்கியபோது, ஹெலிகாப்டர் எழுப்பிய காற்றிலேயே பெட்டி ஊசலாடியது. இருட்டிய பின் அதே வடத்தில் ஊர்ந்து சென்றவர்களே பெரும்பாலோரைக் கொணர்ந்தார்கள். வானிலிருந்து வரும் உதவி கடைசி வழியாக இருக்கலாம். அதுவே முதல் திட்டமாக இருக்கக் கூடாது.

நகரத்து நிலை வேறு. 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காவில் இராட்டினம் உயரத்தில் நின்றபோது, முப்பதுக்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புத் துறையின் உயர ஏணி வாகனம் சில மணி நேரத்தில் இறக்கிவிட்டது. அங்கே சாலை இருந்தது. பாறையும் முட்புதரும் மண்டிய மலைச்சரிவில் எந்த வாகனம் போய் நிற்கும்?

தூளி, ஊஞ்சல், உறி எனத் தொங்குவன பல தமிழர் வீட்டில் உண்டு. அனைத்தும் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குபவை. கைக்கெட்டாத இடத்துக்கு ஏறியவர்கள் மலைக்குறவர். மலைபடுகடாம் குறிக்கும் மால்பு என்னும் ஏணியில் தேனுக்காக அவர்கள் ஏறினர். ஏறும் ஏணியே இறங்கும் ஏணி. ரோப் காரில் அப்படியில்லை. ஏற்றும் பொறி நின்றால் இறக்கும் பொறி வேறு வேண்டும். மின்சாரம் போனால் வடத்தை மெல்ல நகர்த்தி நிலையம் சேர்க்க டீசல் இயந்திரம், வடம் உருளையை விட்டு நழுவினால் தானே நிறுத்தும் விசை, காற்றளவி இவை முதல் வரிசை. அவையும் பயன்படாதபோது ஒவ்வொரு பெட்டிக்கும் கயிற்றோடு ஏறிச்சென்று ஒவ்வொருவராக இறக்கத் தெரிந்த ஆட்கள் அடிவாரத்திலேயே இருக்கவேண்டும். பயிற்சி பெற்றவர் மாவட்டத் தலைநகரிலிருந்து கிளம்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஏற்காட்டுக்கு ரோப் கார் வேண்டும், திருச்செங்கோட்டுக்கு வேண்டும் என்ற பேச்சு நம் பக்கத்தில் அவ்வப்போது எழுகிறது. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்த முதியோர்க்கும் உடல் நலிந்தோர்க்கும் அது பெரும்பேறு. ஆனால் யார் ஏறுகிறார்கள் என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. படியேறும் வலிமையுள்ள இளைஞன் கயிற்றிலும் இறங்கிவிடுவான். ரோப் காரில் அமர்பவரோ 1017 படி ஏற இயலாத எழுபது வயது மூதாட்டி. பெட்டி நின்றால் இடுப்பில் வார் கட்டி நூறடிக்குக் கீழே இறங்கவேண்டியவரும் அவரே. மீட்பு ஒத்திகை பார்க்கிறவர்கள் கட்டுடல் கொண்ட காவலரைப் பெட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பதை விட்டு, அந்த மூதாட்டியின் எடையும் நடுக்கமும் கொண்ட ஒருவரை மனத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதையும் ஆடி மாதத்தில், காற்றடிக்கும் பிற்பகலில் பார்க்கவேண்டும்.