தென்காசி மாவட்டத்தில் பள்ளிக் கல்வி

தென்காசி மாவட்டப் பள்ளிக் கல்வி தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இயங்குகிறது. தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில், ஆலங்குளம் முதலிய ஊர்களின் பள்ளிகள் இதில் அடங்கும். பொதுத் தேர்வின் தேர்ச்சி விழுக்காடே இப்பள்ளிகளின் தரத்தைக் காட்டும் அளவாகப் பெரிதும் கொள்ளப்படுகிறது. எனினும் ஒரு பள்ளியில் பயில்வோர் யாவர் என்பதை அறியாமல் அவ்விழுக்காட்டின் பொருளை முழுமையாக உணர இயலாது.

வரலாறு

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயற்படத் தொடங்கியது. அதற்கு முன்னர் தென்காசி, திருநெல்வேலி வருவாய் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கல்வி மாவட்டமாக இருந்தது. ஆகவே பழைய தேர்வு முடிவுகளில் இப்பகுதிப் பள்ளிகள் திருநெல்வேலியின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று நிகழ்ந்த மொழிவாரி மாநிலச் சீரமைப்பு வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. இதனால் அங்குள்ள பழைய பள்ளிகளின் நிருவாக வரலாறு தென்காசிப் பள்ளிகளின் வரலாற்றிலிருந்து வேறுபட்டதாகும்.

பள்ளி வகைகள்

அரசுப் பள்ளிகள், அரசு உதவிபெறும் பள்ளிகள், தனியார் சுயநிதிப் பள்ளிகள் என மூவகைப் பள்ளிகள் உள்ளன. கிறித்தவத் திருச்சபைகளும் உள்ளூர் அறக்கட்டளைகளும் முஸ்லிம் கல்வி அமைப்புகளும் தொடங்கிய உதவிபெறும் பள்ளிகள் திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் மிகுதி. 2011-12 கல்வியாண்டு முதல் சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்ததால், அரசுப் பள்ளி மாணவரும் மெட்ரிக் பள்ளி மாணவரும் ஒரே பாடத்திட்டத்தில் ஒரே பொதுத் தேர்வை எழுதுகின்றனர்.

மாணவர் பின்னணி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இன்றைய தென்காசி மாவட்ட எல்லைக்குள் 14,07,627 பேர் வாழ்ந்தனர். அன்றைய ஒருங்கிணைந்த திருநெல்வேலி மாவட்டத்தில் ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 89 விழுக்காடு, பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 76 விழுக்காடு. அக்காலப் பெண்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் எழுத்தறியாதவர் என்பதால், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத முதல் தலைமுறை மாணவர் இப்பகுதியில் பலராவர்.

பெற்றோரின் தொழில்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. ஆலங்குளம், தென்காசி வட்டாரங்களில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். சங்கரன்கோவிலில் விசைத்தறியும், புளியங்குடியில் எலுமிச்சைச் சாகுபடியும் வணிகமும் முதன்மையானவை. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் கடையநல்லூரிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். குற்றாலத்தில் சாரல் காலமான சூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வருவாய்க் காலமாகும். பள்ளியின் முதல் பருவமும் அம்மாதங்களிலேயே அமைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உள்ளன.

பொதுத் தேர்வுகள்

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பொதுத் தேர்வு நடத்தப்படுகிறது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பிற்குக் கொண்டுவரப்பட்ட பொதுத் தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டது. மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வும், 2021இல் இரு வகுப்புத் தேர்வுகளும் நீக்கப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டதால், அவ்வாண்டு முடிவுகளைப் பிற ஆண்டுகளுடன் ஒப்பிட இயலாது.

2025இல் தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 95.03 விழுக்காடு, அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 91.94 விழுக்காடு. மாணவியர் 96.70, மாணவர் 93.16 விழுக்காடு தேர்ச்சி பெற்றனர். அதே ஆண்டில் பத்தாம் வகுப்பில் மாணவியர் 95.88, மாணவர் 91.74 விழுக்காடு தேர்ச்சி பெற்றனர். தாய்மார் தலைமுறையில் எழுத்தறிவில் பெண்கள் பின்தங்கியிருந்த நிலையில், தேர்வறையில் இன்று பெண்களே முன்னிற்கின்றனர்.

தேர்ச்சி விழுக்காட்டின் வரம்புகள்

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களுள் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர் என்பதன் கணக்காகும். இதனை வாசிக்கையில் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

இடைநிற்றல்: ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற மாணவர் இக்கணக்கில் வருவதில்லை. அவரைத் திரும்ப அழைத்து வந்து தேர்வெழுத வைக்கும் பள்ளியின் விழுக்காடு குறையக்கூடும்.

பள்ளியின் அளவு: 20 பேர் எழுதும் சிற்றூர்ப் பள்ளியில் ஒருவரின் தோல்வி 5 விழுக்காட்டைக் குறைக்கும். 400 பேர் எழுதும் நகரப் பள்ளியில் அது கால் விழுக்காடு மட்டுமே.

சேர்க்கை: அரசுப் பள்ளி நாடி வரும் அனைவரையும் சேர்த்துக்கொள்கிறது. மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பள்ளியுடன் அதனை நேராக ஒப்பிடுதல் பொருந்தாது.

மதிப்பெண்: 35 மதிப்பெண் பெற்றவரும் 95 பெற்றவரும் தேர்ச்சிக் கணக்கில் ஒன்றே.

எனவே ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தனர் என்னும் கணக்கையும் உடன் வைத்துப் பார்ப்பதே ஒரு பள்ளியின் பணியைச் சரியாக மதிப்பிட உதவும்.

அரசுத் திட்டங்கள்

மாணவரின் குடும்பச் சூழலால் கல்வி தடைப்படாதிருக்கப் பல திட்டங்கள் கொண்டுவரப்பட்டன. காமராசர் ஆட்சிக்காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் 1982இல் எம். ஜி. இராமச்சந்திரனால் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியது. பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு நடுவண் அரசின் தொழிலாளர் நல அமைப்பு கல்வி உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன.

உயர்கல்வி

குற்றாலத்தில் 1964இல் நிறுவப்பட்ட பராசக்தி மகளிர் கல்லூரி, இவ்வட்டாரப் பள்ளிகளில் தேறிய மாணவியர் வீட்டிலிருந்தே சென்று பட்டம் பெற வழிவகுத்த கல்வி நிறுவனமாகும்.